நான்காம் மாடியில் கடல்

எங்கள் ஊரின் பெயருக்குப் படகு என்று பொருள்.
வூச்.
கடலோ முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால்,
நடுவே முழுக்க உருளைக்கிழங்கு வயல்.
ஆனால் என் கூரைக்கு மேலே கடல் இருக்கிறது.
ஆயிரத்து இருநூறு லிட்டர்,
போகுமில் வாளி வாளியாக உப்பு வாங்கிக்
குழாய்த் தண்ணீரில் கரைத்தது.

குடியிருப்புச் சங்கத்துக்கு இரண்டு கடிதம் போட்டேன்.
தளம் தாங்காது,
ஒருநாள் அவர் சுறா
என் சூப்புக் கிண்ணத்தில் வந்து விழும் என்று.
பொறியாளர் வந்தார், சுவரைத் தட்டினார்,
"தாங்கும்" என்றார். அவ்வளவுதான்.
அன்றிலிருந்து
மோட்டார் சத்தத்தில்தான் தூக்கம்.
நின்றால் விழித்துக்கொள்கிறேன்.

டிசம்பரில் அவருடைய லாரி
எல்லையில், பனியில்,
பதினோரு கிலோமீட்டர் வரிசையின் வாலில் நின்றது.
போனில் குரல் கம்மியிருந்தது:
சாவி மின்பெட்டிக்குப் பின்னால்,
சீட்டு பிரிட்ஜ் கதவில்.

செவ்வாய், வியாழன், சனி மட்டும்.
மற்ற நாளில் பசித்த மாதிரி நடிக்கும், நம்பாதீர்கள்.
கணவாய், விரல் நீளம், இரண்டே துண்டு.
மாத்திரையை அதன் மடிப்புக்குள் ஒளித்துவிடுங்கள்.
இடுக்கியால் கொடுங்கள்.
கடிக்கும் என்றல்ல, உங்கள் கைக் கிரீம் அதற்கு ஆகாது.
செம்புக் காசு தண்ணீரில் விழக்கூடாது.
ஆற்று மீன், குளத்து மீன், கூடவே கூடாது.
விளக்கை அணைத்துவிட்டுக் காத்திருங்கள்.
கடைசி வரிக்குக் கீழே இரண்டு கோடு.

ஒரு முழம் இருக்கும்.
மூங்கில் சுறா என்று வகை,
ஓகுரெக் என்று பெயர். வெள்ளரிக்காய்.
தோல் பர்ஸ் போன்ற முட்டைக்குள்
தபாலில் வந்ததாம்.
கூர்மூலை இல்லாத தொட்டி,
முகம் உரசாத பொடி மணல்,
ஒளிய ஒரு பொந்து.
என் வீட்டைவிடச் சுத்தம்.

செவ்வாய் தின்னவில்லை.
வியாழனும் தின்னவில்லை.
இரண்டு நாளும் கணவாயைத் திரும்ப எடுத்துவந்து
குப்பையில் போட்டபோது
யாரோ என் சமையலை ஒதுக்கிய மாதிரி எரிச்சல்.

நான் எக்ஸ்ரே எடுக்கிறவள்.
இருட்டில் நிற்பது என் பிழைப்பு.
இருபத்தாறு வருடமாக எலும்பு பார்த்த கண்ணுக்கு
எலும்பே இல்லாத உயிர்.
காது மடலின் குருத்தை எடுத்து
முதுகு செய்த மாதிரி.

சனிக்கிழமை கிறிஸ்துமஸ் முந்தின இரவு.
என் குளியல் தொட்டியில் உயிரோடு ஒரு கெண்டை,
ஊர் வழக்கப்படி.
மேலே சுறா, கீழே கெண்டை,
நடுவே ஒரு தளம்.
கத்தியோடு போய் நின்றேன்.
அது வாயைத் திறந்தது, மூடியது.
கத்தியை இழுப்பறையில் போட்டுவிட்டு வந்தேன்.
காரணம் தம்பியும் கேட்டான்,
அவனுக்கும் சொல்லவில்லை.

மேசையில் எப்போதும் ஒரு தட்டு கூடுதல்,
சொல்லாமல் வரும் விருந்தாளிக்கு.
இந்த வருடமும் யாரும் வரவில்லை.
தம்பி கிளம்பியதும்
அந்தப் பீங்கான் தட்டிலேயே
இரண்டு துண்டு கணவாயை வைத்துக்கொண்டு
மாடி ஏறினேன்.

அன்று நள்ளிரவில் மிருகங்கள் பேசும் என்பார்கள்.
விளக்கை அணைத்தேன்.
தரையில் உட்கார்ந்தேன்.
மோட்டார்தான் பேசியது.
வெகுநேரம் கழித்து, மணலில்,
துடுப்பை ஊன்றி, ஆம், நடந்து,
செருப்பைத் தேடுகிற ஆள் மாதிரி
மூக்கால் தடவித் தடவி வந்தது.
இடுக்கியில் ஒரு சுண்டு.
அவ்வளவு சிறிய இழுப்பு
என் தோள்வரை ஏறியது.
மாத்திரையை மட்டும் துப்பியது.
மறுபடி ஒளித்துக் கொடுத்தேன்.

வெறும் தட்டோடு இறங்கும்போது
படியில் போகுமில்,
தாடியெல்லாம் பனி, கையில் பை.
வணக்கம்கூட இல்லை.
"சாப்பிட்டாச்சா?"

யாராவது கேட்டு எத்தனை நாள்.
"ஆச்சு" என்றேன்,
"பதினோரு வகை."

பையைக் கீழே போட்டார்.
"பதினொன்றா!
இரண்டு துண்டு என்றுதானே எழுதியிருந்தேன்!"